தராசில் இல்லாத நூல்

கம்பைலரைப் போலவே வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ராஜபாளையத்துக் குறிப்பண்ணன்தான். நாமே ஒரு கம்பைலர் எழுதினால் என்ன என்று எனக்கு முதலில் தோன்றியதும் அவர் அவமானப்பட்ட அன்றைக்குத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான், கல்லூரி பஸ் இறங்கியதும் அவருடைய கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடுவேன். பாஸ்கல் மொழியில் நாம் எழுதும் புரோகிராமைச் சரிபார்த்துக் கணினிக்கு மாற்றித் தருவது கம்பைலர். பிழை என்றால் வேலையையே நிறுத்திவிடும். குறிப்பு என்றால் நிறுத்தாது; சந்தேகத்தைச் சொல்லிவிட்டு வழிவிடும். அண்ணனும் அந்த ரகம். மழையில் கிளம்புகிறவரிடம், "குடை எடுக்கல. தடுக்கல, சொன்னேன்" என்பார். தாலி கட்டப் போன மாப்பிள்ளையிடமே, "சட்டைப் பித்தான் மாறிக் கெடக்கு. தடுக்கல, சொன்னேன்" என்றவர்.

ஆனால் தன் புரோகிராமில் ஒரு குறிப்பு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நூல் மில்லுக்கு, தராசின் எடையைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதினார். அது நிலைத்தால்தான் ஸ்ரீவில்லிப்புத்தூரில் இன்னொரு சென்டர், கடைகூடப் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு மிச்சம்: எடைக்கான மாறியில் எதுவும் வைக்காமலே, தராசைப் படிக்கும் பகுதிக்கு அனுப்புகிறாயோ?

"மாறிங்கது ஒரு சட்டி மாதிரி. 'வார்'னு போட்டா, சட்டில இருக்கதோட கொடுக்கோம். உள்ள என்ன இருக்குன்னு கம்பைலர் கேக்கும். 'அவுட்'னு போட்டா காலிச் சட்டி. நிரப்பித் தாரேன்னு நாம வாக்குக் கொடுக்கோம். பொறவு கேக்காது" என்றார் அண்ணன்.

வாரை அழித்து அவுட் போட்டார். குறிப்பு மறைந்தது. தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளி முன்னால் ஓட்டிக் காட்டும்போது, மேஸ்திரியின் கால் இடறித் தராசின் வயர் கழன்றது. தராசில் ஒரு கண்டு நூல் இல்லை. திரையிலோ பத்து லாரிச் சரக்கு. எடை வராவிட்டால் எதையும் நிரப்பாமலே திரும்பும்படி அந்தப் பகுதியை அண்ணன் எழுதியிருந்தார். சட்டியில் கிடந்த பழைய குப்பையே எடையாக வந்து நின்றது.

முதலாளி கோபப்படவில்லை. "தம்பி, இம்புட்டு நூலு எங்கிட்ட இருந்தா ஊரையே சுத்திக் கட்டிருவேனே" என்றார்.

அண்ணன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் என்னிடம் முணுமுணுத்தார். "நான் சொன்னத கம்பைலர் அப்படியே நம்பிருச்சுலே."

அங்கேயே உட்கார்ந்து, முதல் வரியிலேயே சட்டியில் பூஜ்யம் வைத்து, வயர் கழன்றால் அதையும் சொல்லும்படி திருத்தினார். இன்னொரு தடவை இடறச் சொல்லி மேஸ்திரியைக் கெஞ்சினார். அவரோ பயந்து வாசல் பக்கம் போய்விட்டார். கடைசியில் முதலாளியே வயரைப் பிடுங்கினார். திரை உண்மையைச் சொன்னது. வேலை நிலைத்தது. அண்ணன் ஸ்ரீவில்லிப்புத்தூரில் புதுச் சென்டர் திறந்தார்.

நான் இப்போதுதான் என் கம்பைலரைத் தொடங்கியிருக்கிறேன். அவுட் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒரு வழியில் நிரப்பாமல் திரும்பினால் அது கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இனிமேல்தான்; அந்தக் குறிப்பின் வாசகம் மட்டும் முடிவாகிவிட்டது.

"நிரப்பல. தடுக்கல, சொன்னேன்."