பெட்டிசம் நானாவும் ஒன்பது பிரதிகளும்

இந்த நாட்டில் அரசாங்கத்தை நிம்மதியாகத் தூங்கவிடாத ஒரே மனிதர் எங்கள் பெட்டிசம் நானாதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில், என் போட்டோக் கொப்பிக் கடைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தார். பஸ் தரிப்பில் நிற்காவிட்டால் மேலிடத்துக்கு ஒரு முறைப்பாட்டு மனு, அதுதான் பெட்டிசம். தெருவிளக்கு இரவில் எரியாவிட்டால் பெட்டிசம், பகலில் அணையாவிட்டாலும் பெட்டிசம். எல்லாவற்றிலும் 'மனித உரிமை மீறல்' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருப்பார். எட்டுப் பிரதி எடுக்க வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கும்போதே பாதியில் என்னிடம் ஓடி வருவார். அளவு கொடுக்க வந்தவர் அங்கே கையைத் தூக்கியபடி நிற்பார்.

"நானா, கொஞ்சம் இருங்கோவன்."

"நான் இருந்தால் உரிமை தானா நடந்து வருமோ?"

கம்பஸில் படித்துக்கொண்டிருந்த நானாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நிக்காஹ் அன்று நானும் போயிருந்தேன். வீட்டு மண்டபத்தில் மாப்பிள்ளை பதிவுப் படிவத்தில் ஒப்பமிட்டான். மகளுக்காக வாப்பா ஒப்பமிட வேண்டும். நானா பேனையை மூடிவிட்டார்.

"என்ரை மகளின்ரை கையெழுத்து எங்கை?"

"உதிலை பொம்பிளைக்கு இடமில்லை நானா. நீங்கள் வைச்சால் காணும்" என்றார் பதிவாளர்.

"அவளின்ரை சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லையெண்டு மார்க்கம் சொல்லுது. மார்க்கம் குடுத்த உரிமையை அரசாங்கம் படிவத்திலை ஒரு கோடு போட்டுக் காப்பாத்தக் கூடாதோ?"

மாப்பிள்ளையின் பெரியப்பா எழும்பிச் செருப்பைத் தேடினார். சகன் என்ற பெருந்தட்டுகளில் போட்ட சோறு ஆறியது.

"கல்யாணம் நிண்டுபோகும் நானா!" என்று கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு மூடிய பேனையைச் சட்டைப்பையில் செருகினார். மனுசன் விளையாடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பயம் பிடித்தது.

உள் அறையிலிருந்து மகள் ஒரு கடுதாசி கொடுத்தனுப்பினாள். பதிவாளர் உரக்க வாசித்தார்:

"இத்திருமணத்துக்கு எனது முழுச் சம்மதம். நான் படிப்பை நிறுத்தமாட்டேன் என்பதை மணமகன் ஏற்க வேண்டும். எனக்காக ஒப்பமிட வாப்பாவுக்கு இத்தால் அனுமதி வழங்குகிறேன். பிரதி: வாப்பா."

கீழே அவள் ஒப்பம். அதன் கீழ் சிவப்புக் கோடு.

மாப்பிள்ளை "ஓம், ஓம்" என்று இரண்டு தரம் சொன்னான். பெரியப்பா மாட்டிய செருப்பைக் கழற்றினார். நானா பேனையைத் திறந்து ஒப்பமிட்டார். கடுதாசியைப் பதிவாளர் திருப்பித் தந்தார். அதை வைக்கவும் படிவத்தில் இடமில்லையாம்.

மறுநாள் காலை நானா ஓடி வந்தார். மணமகள் ஒப்பமிட இடம் கேட்டுப் புதுப் பெட்டிசம், கூடவே மகளின் கடுதாசி.

"கடுதாசி மட்டும் ஒன்பது பிரதி எடும்."

"எட்டுத்தானே வழக்கம்? ஒன்பதாவது ஆருக்கு?"

"எனக்கு" என்றார். முதல் தடவையாக என் கடைக் கதிரையில் அமைதியாக இருந்தார்.

பதில் இன்னும் வரவில்லை. நானா இப்போது மகளோடு புத்தளத்தில் இருக்கிறார்; அங்குள்ள அரசாங்கக் கந்தோர்கள் பாவம். பக்கத்துக் கடையிலிருந்து இப்போது யாரும் ஓடி வருவதில்லை, எனக்கு நாள் போகமாட்டேன் என்கிறது.

அன்று நான் பத்துப் பிரதி எடுத்தேன். பத்தாவது என் மேசை லாச்சியில் இருக்கிறது.