சோப்புத் தண்ணீரும் பெண் பார்க்கப் போன காரும்

எனக்கு எஞ்சின் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன் என்றால் ஊரார் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்; அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். (நான்கு வருஷப் படிப்பில் நான் தொட்ட ஒரே எஞ்சின், கல்லூரியில் குறுக்கே வெட்டி பெயிண்ட் அடித்து வைத்திருந்தது. அது ஓடாது.)

2006இல், ஆயுத பூஜை அன்று, அக்கா வீட்டுக்காரர் தன் பழைய பெட்ரோல் காரைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் விஜயதசமி. சிதம்பரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

"மச்சான், வண்டிய நல்லா தொடச்சி வையி. பொண்ணு வூட்ல இன்ஜினியரு மாப்பிளன்னு சொல்லியிருக்கு," என்றார்.

பானெட்டைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் கழற்றித் துடைத்தேன். துடைத்ததையெல்லாம் அம்மா அள்ளிக்கொண்டு போய், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவரோடு சாமி முன்னால் வைத்துப் பொட்டு இட்டார். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், கொடுத்ததை மாட்டினேன். எதைக் கழற்றினேன் என்ற கணக்கு என்னிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை.

நானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினால், ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் தானாக உறுமியது, பிறகு சுருண்டு நடுங்கியது, மறுபடி உறுமியது. உள்ளே எங்கேயோ 'உஸ்' என்று ஒரு சத்தம்.

"என்னா மச்சான், மூச்சு வாங்குது?"

"ஒரு நாள் ஓடாம கெடந்திச்சில்ல மாமா, அப்புடித்தான்," என்றேன். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சாலையில் ஓடும்போது வண்டி பரம சாது. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியதும் அணைந்துவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் கிளம்பியது. 'உஸ்' என்றால் காற்று கசிகிறது. காற்று கசிந்தால் சைக்கிள் கடைக்காரர் என்ன செய்கிறார்? டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கிறார். டீக்கடையில் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர் வாங்கி, ஓடும் எஞ்சினில் முன்னால் தெரிந்த ரப்பர் குழாய் அத்தனையிலும் தடவினேன். ஒரு குமிழி வரவில்லை.

"லீக்கே இல்ல மாமா."

"அப்ப உஸ்ஸுங்கறது யாரு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் குழாய்க்கும் கறுப்பு டேப் சுற்றினேன். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அம்மா பின் சீட்டிலிருந்து, "நல்ல நேரம் போவுதுடா," என்றார்.

சிதம்பரத்தில் பெண் வீட்டு வாசலில், அணைத்தால் கிளம்பாது என்ற பயத்தில், பானெட்டைத் திறந்துபோட்டு எஞ்சினை ஓடவிட்டே உள்ளே போனோம். பெண் பெயர் தமிழ்ச்செல்வி. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எனக்கு முன்னால் இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று அனுப்பியவர். (அம்மாவின் பதற்றத்துக்குக் காரணம் அதுதான்.) அவர் காபியோடு வந்தார். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அந்த நொடியில் வாசலில் வண்டி நடுங்கும் சத்தம் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு வந்தேன். மூன்று முறை.

"தம்பிக்கு அவசரமா எங்கயாச்சும் போவணுமா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, வண்டி நின்னா திரும்ப எடுக்காது," என்று மாமா உண்மையைப் போட்டு உடைத்தார்.

"இன்ஜினியருன்னாங்களே?"

நான்காவது முறை வாசலுக்கு ஓடினேன். விஜயதசமி ஆயிற்றே, பெண்ணின் அம்மா வீடு முழுக்க சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்ற வண்டிக்கும் காட்டுவோம் என்று பானெட் பக்கம் வந்தார். மேலே போக வேண்டிய புகை வளைந்து, எஞ்சினுக்குப் பின்னால் இறங்கிக் காணாமல் போனது. நான் கை கூப்பினேன். (இதை மாமா இன்றுவரை நடித்துக் காட்டுகிறார்.)

தமிழ்ச்செல்வி படியிறங்கி வந்தார். "எதுக்குங்க சோப்பு பூசியிருக்கீங்க?"

"லீக் பாக்க."

"காத்து வெளிய வந்தாத்தானே குமிழி வரும்? இது உள்ள இழுக்குது. பொகை எங்க போவுது பாருங்க."

பார்த்தேன். பின்பக்கம், பென்சில் பருமனில் ஒரு சின்ன இரும்புக் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. விரலால் மூடினேன், எஞ்சின் அடங்கியது. எடுத்தேன், உறுமியது.

"வெரல வச்சிக்கிட்டே கடலூர் போவ முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து, அரிவாள்மனையில் நுனியைச் சீவிக்கொண்டு வந்து கொடுத்தார். குழாயில் வைத்து அழுத்தினேன். கன கச்சிதம். 'உஸ்' நின்றது. காலையிலிருந்து முதல் முறையாக வண்டி ஒரே சீராக ஓடியது.

"தட்டுலேர்ந்தா எடுத்துக் குடுத்த?" என்றார் அவர் அம்மா.

எங்கள் பக்கத்தில் தாம்பூலம் கைமாறினால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சம்மதம் சொல்லும் முன் அந்தத் தட்டை யாரும் தொடுவதில்லை. எல்லோரும் தமிழ்ச்செல்வியைப் பார்த்தோம்.

அவர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடுத்தது குடுத்ததுதாம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், சாமி முன்னால் ஸ்பேனருக்குப் பின்னால், அந்தக் குழாயின் ரப்பர் மூடி சந்தனம் குங்குமத்தோடு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும், என் மாமியார் வீட்டில் புதிதாக யாராவது எங்கள் கதையைக் கேட்டால், மாமனார் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "நாங்க பொண்ணு குடுத்தது அந்த வண்டிக்குத்தாங்க. இவரு அத ஓட்டிக்கிட்டு வந்தவரு."