நாலு மணி மழை

ஒரு காட்டில் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அது காடா, புல்வெளியா என்பதில்தான் தகராறே வந்தது. அதனால் ஆப்பிரிக்கா கண்டத்தில் ஓர் இடத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கண்டத்தை ஆண்டவன் பார்த்துப் பார்த்துத்தான் படைத்திருக்கிறான். நடு இடுப்பில் பூமத்தியரேகை. அதை ஒட்டி அடர்ந்த மழைக்காடு. அங்கே தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மழை வரும், பால்காரர் மாதிரி தவறாமல் வரும். அதற்கு மேலேயும் கீழேயும் புல்வெளி. அதையும் தாண்டிப் போனால் மேலேயும் பாலைவனம், கீழேயும் பாலைவனம். இதில் புல்வெளிக்காரர்கள் பாடுதான் கஷ்டம். சூரியன் வடக்கே போனால் மழையும் பின்னாலேயே வடக்கே போய்விடும், தெற்கே வந்தால் கூடவே தெற்கே வரும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடக்கிற பெண் மாதிரிதான். மழை எங்கே போகிறதோ, அங்கே புல். புல் எங்கேயோ, அங்கே மிருகங்களும் நடந்தாக வேண்டும்.

வேதவல்லி என்று ஒரு வரிக்குதிரை தெற்குப் புல்வெளியில் இருந்தாள். மாசமோ ஆடி. மழை வடக்கே போய் ஐம்பது நாள் ஆகிவிட்டது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவளுக்குப் பிறந்து இருபது நாளான குட்டி ஒன்று. மேய்ச்சல் இல்லாததால் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆற்றைத் தாண்டினால் பச்சைப் புல். ஆனால் ஆற்றில் முதலைகள் இருந்தன. வறட்சிச் சீட்டு வைத்திருப்பவர்களை முதலைகள் தொடக்கூடாது, சீட்டு இல்லாமல் இறங்கினால் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். சீட்டு தருவது வானிலை அலுவலகம்.

வேதவல்லி கடவுளைக் கும்பிட்டுவிட்டு, குட்டியையும் அழைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே இருந்த கிளார்க் குரங்கு, இந்த ஊருக்கு இனிமேல் வறட்சிச் சீட்டே கிடையாது என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டதற்குச் சுவரில் இருந்த கண்டத்துப் படத்தைக் காட்டினான். போன வருஷம் மஞ்சளாக இருந்த அவர்கள் ஊருக்கு இப்போது கரும்பச்சை அடித்திருந்தது. புதிதாக வந்த அதிகாரி இதை மழைக்காடாக மாற்றிவிட்டாராம்.

அதிகாரி ஓர் ஒட்டகம். வடக்குப் பாலைவனத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நேர்மையானவர், படித்தவர், ஒரு பைசா வாங்க மாட்டார். பிறந்ததிலிருந்து மழையைப் பார்த்ததில்லை, அது ஒன்றுதான் குறை. வேலையில் சேர்ந்த அன்றைக்கே குரங்கைக் கூப்பிட்டு மழை எப்படி வரும் என்று விசாரித்தார். மேலேயிருந்து துளித்துளியாக, சத்தத்தோடு வரும் என்று குரங்கு சொன்னான்.

மழை அளக்கிற பாத்திரம் அலுவலகத்துக்குப் பின்னால், குட்டை ஓரமாக இருந்தது. அந்தக் குட்டையில்தான் யானை தினமும் நாலு மணிக்குக் குளிப்பாள். துதிக்கையால் உறிஞ்சி மேலே பீச்சி அடிப்பாள். தண்ணீர் மேலேயிருந்து துளித்துளியாக, சத்தத்தோடு வந்து பாத்திரத்தில் விழுந்தது. ஒட்டகம் புத்தகத்தைப் புரட்டினார். தினமும் நாலு மணிக்கு மழை பெய்தால் அது மழைக்காடு என்று போட்டிருந்தது. அன்றைக்கே படத்துக்கு வர்ணம் அடித்துவிட்டார்.

வேதவல்லி வரிசையில் நின்ற மூன்று நாளும் இதை இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தாள். நேரே அதிகாரியிடம் போய், அது யானையக்கா குளிக்கிற தண்ணீர் என்று பணிவாக எடுத்துச் சொன்னாள்.

ஒட்டகம் படிவத்தை மேலிருந்து கீழே ஒரு முறை படித்துப் பார்த்தார். "எவ்வளவு பெய்தது என்றுதான் இதில் கேட்டிருக்கிறது. யார் பெய்தது என்று கேட்கவில்லையே அம்மா," என்றார்.

"தரையைப் பாருங்க ஐயா. ஒரு புல்லுகூட இல்லியே."

"அதேதான் நானும் சொல்கிறேன். மழைக்காட்டில் மரங்கள் வெயிலை மறைத்துவிடும். அதனால் தரையில் புல் முளைக்காது. இங்கேயும் முளைக்கவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?"

மரத்தையும் காணோமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள். வர்ணம் அடித்து நாற்பது நாள்தானே ஆகிறது, மரம் வளர அவகாசம் கொடுக்க வேண்டாமா என்றார் அவர். அவர் ஊர் மணலோடு ஒப்பிட்டால் இது சோலைதான். பாவம், அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை.

வெளியே வந்தவளைக் குரங்கு ஜாடை காட்டிக் கூப்பிட்டான்.

"பதிவேட்டில் மழையைக் குறைக்க வழி கிடையாது அக்கா. மை காய்ஞ்சா காய்ஞ்சதுதான். ஆனா கூட்டலாம். பாத்திரம் நிரம்பி வழிஞ்சா வெள்ளம். வெள்ளம்னா சீட்டும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்."

"அது பொய்யில்லியா தம்பி?"

"பாத்திரம் நிரம்பினா நிரம்பிச்சுன்னு எழுதப் போறேன். இதில பொய் எங்க இருக்கு?"

வேதவல்லி பொய் பேசிப் பழகாதவள். அன்றைக்கு முழுக்கப் பிரார்த்தனை செய்தாள். கடவுள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் குட்டிக்கு எழுந்து நிற்கவே கால் நடுங்கியது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு யானையிடம் போனாள்.

போய் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, அக்கா உடம்பு வாகுக்கு ஒரு குளியல் போதாது, தங்கச்சிகளையும் கூப்பிட்டுச் சேர்ந்து குளித்தால் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் சொன்னாள். யானைக்கு மனசு நிறைந்துவிட்டது. தன் குளியலைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருத்தர் அக்கறையாகக் கேட்டதில்லையாம்.

நாலு மணிக்கு ஏழு யானைகள் குட்டையில் இறங்கின. நாலேகாலுக்கெல்லாம் பாத்திரம் நிரம்பி வழிந்தது. குரங்கு அதை எழுதிக்கொண்டு போய் நீட்டினான். ஒட்டகம் படித்துவிட்டு மேஜை மேல் ஏறி நின்றுகொண்டார். ஊர் முழுக்க வெள்ள அபாயச் சங்கு ஊதினார்கள். ஊதியவன் வாயில் புழுதி போய் நடுவில் இருமினான்.

வெள்ளம் என்றால் முதலைகள் மீட்புப் பணியாளர்கள். ஏற்றிக்கொண்ட தலையும் இறக்கிவிட்ட தலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் வேலை போய்விடும். வேதவல்லியையும் குட்டியையும் ஏற்றிக்கொண்ட கிழட்டு முதலை பாதி ஆறு வரைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே நீந்தியது. பிறகு பொறுக்க முடியாமல், இத்தனை காய்ந்த ஊரில் வெள்ளம் எங்கேதான் வந்தது என்று கேட்டது.

"ஆபீசுக்குள்ளதான் அண்ணே. வெளிய இன்னும் வரல," என்றாள்.

"அப்ப இந்தக் குட்டி?"

"அதையும் எண்ணியிருக்காங்க அண்ணே."

முதலை இன்னொரு பெருமூச்சு விட்டுவிட்டு மீதி ஆற்றையும் நீந்தியது.

அக்கரையில் புல் இடுப்பளவு நின்றது. வேதவல்லி குனிந்தவள் நிமிரவே இல்லை. பொழுது சாய்வதற்குள் மடி கனத்தது. குட்டி முட்டிக் குடித்த சத்தத்தைக் கேட்டு, வாயில் புல்லோடேயே கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அப்போதுதான் மழை வந்தது. நிஜ மழை. இடி இடித்து, காற்றடித்து, சோவென்று கொட்டியது. அதிகாரியையும் மேஜையோடு அந்தக் கரையில்தான் இறக்கியிருந்தார்கள். ஒட்டகம் நனைந்தபடியே நீளக் கழுத்தைத் தூக்கி வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினார். பிறகு குரங்கைப் பக்கத்தில் கூப்பிட்டு, கவலையோடு கேட்டார்:

"இத்தனை யானையும் அவ்வளவு உயரத்தில் எப்படியப்பா ஏறின?"

குரங்கு வேதவல்லியைப் பார்த்தான். விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் தலையைத் தூக்கினாள். ஆனால் சொன்னால் அவருக்குப் புரியும். புரிந்தால் திருத்துவார். திருத்தினால் எல்லோரையும் திரும்பப் பழைய கரைக்கே அனுப்பி, முதலிலிருந்து வரிசையில் நிற்க வைப்பார். நேர்மையானவர் ஆயிற்றே.

"தெரியலீங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய் புல்லுக்குக் குனிந்தாள்.

நீதி: வறட்சியில் வாடுகிறவர்கள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதாகப் பதிவாகிவிட்டால், சீக்கிரம் கரையேறலாம்.