எறும்பு போன வழி

"டணார்!"

இடியாப்பச் சட்டியின் மூடி நடைபாதையில் உருண்டோடி மோனோரயில் தூணில் முட்டி விழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் தெருவே திரும்பிப் பார்த்தது. மூடியை நழுவவிட்ட சபாபதியோ தரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"குமுதா, இந்த அநியாயத்தைப் பாரு!"

மேசைக்கடியில் ஓர் எறும்பு ஊர்வலம். அவர் வைத்திருந்த நாட்டுச் சர்க்கரை வாளியை உரசிக்கொண்டே போனது. ஓர் எறும்புகூட நின்று பார்க்கவில்லை. நேராகப் பத்தடி தள்ளி, பக்கத்து இடியாப்பக் கடைக்காரி புனிதாவின் சர்க்கரைப் பானைக்குப் போய்ச் சேர்ந்தது.

"மனுஷங்கதான் அங்க போறாங்கன்னா, எறும்புமா?"

"நம்ம சர்க்கரை சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் மனைவி.

சபாபதியால் சந்தோஷப்பட முடியவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும் ஆரம்பித்த கடை இது. இதுவும் நிற்கவில்லை என்றால் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். மருமகன் ரொம்ப மரியாதையானவர். "மாமா, நீங்க சும்மா உக்காருங்க" என்பார். சும்மா உட்காரும் நேரத்தில் நாய்க்குச் சோறு, செடிக்குத் தண்ணீர், துணி காயப்போடுதல் எல்லாம் மாமா பொறுப்பு.

விடிந்தால் புனிதா கடையில் கூட்டம் மொய்க்கும். சபாபதியிடம் பத்து மணிக்கு மேல்தான் ஆள் வரும். வயிற்றுக்கு அது போதும். மானத்துக்குப் போதவில்லை.

பார்சலுக்காகக் காத்திருந்த வைஷ்ணவி குனிந்து பார்த்தாள். காலேஜில் உயிரியல் விரிவுரையாளர்.

"அங்கிள், அது ருசி பாத்துப் போகல லா. முதல்ல ஒரு எறும்பு அங்க சர்க்கரையைக் கண்டிருக்கும். திரும்பும்போது வழியெல்லாம் வாசனை வெச்சுட்டு வரும். அந்த வாசனையைப் பிடிச்சு அடுத்தது போகும், அதுவும் வெச்சுட்டு வரும். வாசனை கூடக் கூடக் கூட்டமும் கூடும். பக்கத்துல உங்க வாளி இருந்தாலும் கண்டுக்காது."

"அப்ப என் சர்க்கரை மேல தப்பில்ல?"

"இல்லவே இல்ல. அந்த வாசனையைத் துடைச்சு விட்டா எல்லாம் குழம்பி, மறுபடி முதல்லேருந்து தேடும்."

அவள் பார்சலோடு போய்விட்டாள். சபாபதியின் மண்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது.

மறுநாள் காலை கேரம் கூட்டாளி தம்புசாமியையும் இன்னும் சில நண்பர்களையும் கூட்டி வந்தார்.

"சும்மா என் கடை முன்னால வரிசையா நில்லுங்க. நீங்கதான் வாசனை."

"குளிச்சுட்டுத்தான்பா வந்தேன்," என்றார் தம்புசாமி வருத்தத்துடன்.

நின்றார்கள். தின்றார்கள். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். வேலைக்குப் போகும் பெண்ணொருத்தி வந்தாள்.

"அலாமாக், இவ்ளோ நீள லைனா? ட்ரெயின் போயிடும் லா!"

நேரே புனிதாவிடம் போனாள். அவள் பின்னால் ஆபீஸ் கூட்டமே போனது. கடைசியில் பார்த்தால், அங்கே தம்புசாமி!

"கோவிச்சுக்காதப்பா. சும்மா ஒப்பிட்டுப் பாக்கலாம்னு..."

"எத்தனை தட்டு ஒப்பிட்ட?"

"இது மூணாவது."

சரி, வாசனை வைப்பது நமக்கு வரவில்லை, துடைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார் சபாபதி. எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டருகே புனிதா ஓர் அம்புக்குறிப் பலகை மாட்டியிருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் அதை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் முடிதிருத்தும் கடை ராமலிங்கம் கையில் கத்தரிக்கோலுடன் ஓடி வந்தார்.

"அண்ணே, இது என்ன கூத்து? நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒரு ஆளு தேங்காப்பூ எக்ஸ்ட்ரா கேக்குறாரு!"

அன்று மாலையே புனிதா இரண்டு மடங்கு பெரிய பலகை மாட்டினாள். இந்த முறை அதில் விளக்கும் எரிந்தது.

அப்போதுதான் சபாபதி அந்தக் காரியத்தைச் செய்தார். பெயர் சொல்லாமல் மாநகர மன்றத்துக்குப் போன் போட்டு, நடைபாதையை ஒரு மேசை மறிக்கிறது என்றார். மறித்தது உண்மைதான். அவருடைய மேசையைவிட ஒரு சாண் அதிகமாக.

மாநகர ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். புனிதா மேசையை மடக்கினாள். போகும்முன் சர்க்கரைப் பானையோடு சபாபதியிடம் வந்தாள்.

"யாரோ கம்ப்ளேன் பண்ணிட்டாங்கண்ணே. செலாயாங்ல ஒரு இடம் கெடைச்சிருக்கு. இதை அவ்ளோ தூரம் தூக்க முடியல, நீங்க வெச்சுக்குங்க. அக்கா, வரேன்."

"எவன் பண்ணானோ, அவன் கடையில ஈகூட மொய்க்காது!" என்று குமுதா வாயாரச் சபித்தாள்.

சபாபதி பானையை வாங்கிக்கொண்டார். பார்வையை மட்டும் பானையிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் இரண்டு மடங்கு மாவு பிசைந்தார்கள். கூட்டம் வந்தது. புனிதா இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. ஒரு நிமிடம் குழம்பி நின்றுவிட்டு, தெருமுனை ரொட்டிச் சானாய்க் கடைக்குத் திரும்பியது. சபாபதி கூப்பிட்டுப் பார்த்தார். கை தட்டிப் பார்த்தார். பத்து மணி ஆனது. வழக்கமாக வருகிற ஆட்களும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெந்த இடியாப்பமெல்லாம் காய்ந்து நார்நாராகக் கிடந்தது.

வாரக் கடைசியில் குமுதா மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாய் எத்தனை மணிக்குச் சாப்பிடும் என்று விசாரிப்பது சபாபதியின் காதில் விழுந்தது.

ராமலிங்கம் துண்டை உதற வெளியே வந்தார்.

"ராமலிங்கம், அவ கூட்டம் வராதது போகட்டும். அந்தப் பத்து மணி ஆளுங்க என் சொந்தக் கஸ்டமர்தானே? அவங்க ஏன் வரல?"

ராமலிங்கம் உதறிய துண்டோடு அப்படியே நின்றார்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? பத்து மணி ஆச்சுன்னா புனிதா, பாதிக் கூடை இடியாப்பம் இருக்கும்போதே துணியைப் போட்டு மூடிட்டு, 'ஹாபிஸ், தீந்துபோச்சு, பக்கத்துல எங்க அண்ணன் கடையில சூடா இருக்கு'ன்னு சொல்லித்தானே எல்லாரையும் உங்ககிட்ட அனுப்பும்!"