தாய்மாமன் தொலைத்த ஊசி

ஊசி என்பது தொலைந்த பிறகுதான் வளர ஆரம்பிக்கிறது. கையில் இருக்கும்போது நூல் கோக்கக்கூடக் கண்ணுக்கு அகப்படாது. காணாமல் போய்விட்டால் கடப்பாரை அளவுக்கு நீண்டு, நம் நெஞ்சுக்குள்ளேயே வந்து நின்றுகொள்ளும். இதை நான் என் அக்கா மகள் யாழினியின் கல்யாணத்தன்று, மணமேடையில், ஊரே பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூலாய் என்ற ஊரில் குடியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. பிஸ்கட்டுக்குள் இரும்புத் துணுக்கு எதுவும் போய்விடாமல் பரிசோதிக்கும் இயந்திரத்துக்குக் காவல் நிற்பதுதான் என் உத்தியோகம். (சிரிக்காதீர்கள். கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.)

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, என் மனைவி தேவி பொழுதுபோக்காக எம்ப்ராய்டரி செய்யப்போவதாகச் சொல்லி மரவளையம், ஊசி, கலர் கலராக நூல் எல்லாம் வரவழைத்தாள். அரை ரோஜாப்பூ வருவதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. மேசையில் கிடந்த மீதி அரை ரோஜாவை நான் போட்டு முடித்தேன். அன்றோடு நான் காலி.

ஆரம்பத்தில் பட்ட பாட்டைச் சொன்னால் வெட்கக்கேடு. மயில் போட்டேன், பார்த்தவர்கள் எல்லோரும் கோழி என்று பாராட்டினார்கள். நூலை இறுக்கி இழுத்ததில் துணி கருவாடு மாதிரிச் சுருங்கியது. மடியில் வைத்துத் தைத்த ஒரு தலையணை உறையை என் கைலியோடு சேர்த்தே தைத்துவிட்டு, அப்படியே எழுந்து போய் வாசலில் வந்த பார்சலை வாங்கினேன். ஆனாலும் விட முடியவில்லை. நாளெல்லாம் இயந்திரம் கத்துவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு இலைக்குக் காம்பு போட உட்கார்ந்தால் தலைக்குள் இருந்த இரைச்சல் அத்தனையும் அடங்கிவிடும். பச்சையிலேயே ஒரு சாயல் வெளுத்த நூலை எடுத்தால் இலைக்கு வெயில் பட்ட மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாது. துணியின் பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு வேறு பிடித்தது. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தேவி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

யாழினிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "முகூர்த்த பிளவுஸுக்குப் பூ வேலைய நான்தான் போடப்போறேன்" என்று அறிவித்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கோத்தா திங்கி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா'வுக்குப் பதில் சொல்லவே நான் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, மாதுளை நிறத்தில் பட்டுத் துணி வாங்கி, முதுகு நிறைய ஜரிகைக் கொடி போட்டேன். மயில் வேண்டாம் என்று யாழினி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தையற்காரர் அதைத் தைத்து என்னிடம் கொடுத்த பிறகு, கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. போனில் கொஞ்சினாள்.

"மாமா, கழுத்தோரமா கொஞ்சம் முத்து மணி வச்சா நல்லாருக்கும்ல?"

வைத்தேன். மணி கோக்கும் ஊசி தலைமுடி மாதிரி இருக்கும். கடைசி மணியை முடிந்து நூலைக் கத்தரிப்பதற்குள் அக்கா வீட்டுக்காரர் காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். லாயாங் லாயாங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பந்தல் வேலையைப் பார்க்க வேண்டுமாம். பிளவுஸை மடித்துக் கொடுத்து அனுப்பினேன். நிம்மதியாக ஒரு தே தாரிக் டீயை நுரை பொங்க ஆற்றிக் குடித்தேன். பிறகு சாமான்களை எடுத்துவைக்க வந்து பார்த்தால், ஊசியைக் காணோம்.

ஊசி குத்திவைக்கும் பஞ்சுப் பொதியில் இல்லை. மேசையில் இல்லை. தரையில் முட்டிபோட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

"ஏங்க, என்ன பண்றீங்க?" என்றாள் தேவி சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. முதுகு வலி. எக்சர்சைஸ்."

ஏன் பொய் சொன்னேன்? பயம். ஊசி இங்கே இல்லையென்றால் பிளவுஸில் இருக்கிறது. பட்டின் உள்மடிப்பில் எங்கோ படுத்துக்கொண்டு யாழினியின் முதுகுக்காகக் காத்திருக்கிறது. தேவியிடம் சொன்னால் அக்காவுக்குப் போகும். அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு. அக்காவிடமிருந்து சம்பந்தியம்மாவுக்குப் போகும். அவர் மறுபடி 'நீங்களா?' என்பார். போதாததற்கு, உடம்புக்குள் போன ஊசி ரத்தத்தோடு பயணம் செய்து இருதயத்துக்கே போய்விடும் என்று எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. படுத்தேன். தூக்கமா வரும்? கண்ணை மூடினால் ஊசி நீந்தியது.

விடிந்ததும் வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த பிளவுஸ ஒரு தடவ பாத்துட்டுத் தரவா?"

"அலமாக்! அவ போட்டு, புடவையும் கட்டியாச்சுடா. இனிமே அத அவுத்துக் கட்டுனா முகூர்த்தம் நாளைக்குத்தான். ஏன், என்ன?"

"சும்மாதான்க்கா. அழகா இருக்கான்னு..."

"நல்லாருக்கு லா. சீக்கிரம் வந்து சேரு. தாய்மாமன் இல்லாம ஒண்ணும் நடக்காது."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இரும்பைப் பிடிக்கக் காந்தம்! இத்தனை வருட உத்தியோகம் வேறு எதற்கு? எங்கள் குளிர்பெட்டிக் கதவில் டுரியான் வடிவத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். தேவி காரில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளக்கைக்கூடப் போடாமல் அதைப் பிடுங்கி, பட்டில் உரசிக் கோடு விழுந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையில் சுற்றி, ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

குளுவாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். யாழினி சிலை மாதிரி இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை, முதுகையே பார்த்தேன். கைக்குட்டையை உள்ளங்கையில் பொத்தி, அவள் தோளோரமாக மெல்ல ஓட்டினேன். உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்றது. பயத்தில் உடம்பெல்லாம் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மேடையில் அவளுக்குப் பின்னால் நின்று வேலையைத் தொடர்ந்தேன். இடது தோளருகே காந்தம் வெடுக்கென்று இழுத்தது. கிடைத்துவிட்டது! நானும் இழுத்தேன். ஊசி வரவில்லை. சேப்டி பின் ஒன்று அசைந்து, ஜடையிலிருந்த மல்லிகைச் சரம்தான் கழன்று தொங்கியது. மணப்பெண் என்பவள் தலை முதல் கால் வரை பின்களால் கட்டப்பட்டவள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தொட்ட இடமெல்லாம் காந்தம் இழுத்தது.

"மாமா, என்ன பண்றீங்க? கூசுது!" என்று யாழினி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "தாய்மாமா, அங்க என்ன?" என்றார்.

"திருஷ்டி, சாமி."

"அதெல்லாம் அப்பறம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அவள் கொஞ்சம் பின்னால் சாயப் போனாலும் "சாயாதம்மா, போட்டோவுக்கு நேரா உக்காரு" என்பேன். புகைப்படக்காரரே என்னை முறைத்தார். தாலி கட்டும்போது ஊரே அட்சதை தூவியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, ஐயோ என்று ஓர் அலறல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. மூச்சு திரும்பியது.

அப்போதுதான் சம்பந்தியம்மா மேடை ஏறினார். கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு யாழினியை நோக்கி வந்தார். அவர் நல்ல ஆகிருதி. அந்த அணைப்பில் ஊசி என்ன, கடப்பாரையே உள்ளே இறங்கிவிடும்.

"தொடாதீங்க!"

மண்டபமே அதிரும்படி கத்திவிட்டேன். நாதஸ்வரம் பாதியில் நின்றது. மேளக்காரர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மாவின் விரிந்த கைகள் விரிந்தபடியே நின்றன. பின்வரிசையில் யாரோ, "தாய்மாமன் கல்யாணத்த நிறுத்துறாராம்" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னது மேடைவரை கேட்டது.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "குணா, என்னடா இது?"

"ஊசி... பிளவுஸுக்குள்ள... என் ஊசி" என்றேன்.

மற்றவர்கள் புரியாமல் விழிக்க, சம்பந்தியம்மாவின் கண்ணீர் மட்டும் சட்டென்று நின்றது. பழைய நர்ஸ் விழித்துக்கொண்டார். "யாரும் பொண்ணு மேல கை வைக்காதீங்க. யாழினி, மெதுவா எந்திரிம்மா. கையத் தூக்காத. ரெண்டு பேர் மட்டும் என்கூட ரூமுக்கு வாங்க." ஒரு நிமிடத்தில் மேடை காலி.

நானும் மாப்பிள்ளையும் மட்டும் மிச்சம். கழுத்தில் மாலையோடு அவன் என் பக்கம் சாய்ந்து, மரியாதையாகக் கேட்டான். "அங்கிள், வேற எதுவும் உள்ள வச்சுத் தச்சிருக்கீங்களா?"

அந்த அறைக் கதவு திறக்கும்வரை எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளிடம் போய்விட்டேன். யாழினி திரும்பி வந்தாள். முகத்தில் வலி இல்லை; கொலைவெறி இருந்தது. பின்னால் சம்பந்தியம்மா.

"பிளவுஸ உள்பக்கம் வெளியில திருப்பி, விரல் விரலாத் தடவிப் பாத்துட்டேன். ஊசி இல்ல" என்றார். பிறகு அவர் பார்வை என் கையில் நின்றது. "அது என்ன, காலையிலேர்ந்து பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க? காட்டுங்க."

கைக்குட்டையைப் பிரித்தேன். டுரியான் காந்தம். அதைத் திருப்பினேன். காந்தத்தின் தட்டையான முதுகில், தலைமுடி மாதிரி, பளபளவென்று என் ஊசி படுத்திருந்தது.

முன்வரிசையிலிருந்து தேவி எழுந்து நின்றாள். "அது நான் ஒட்டி வச்சது! நேத்து சாயந்தரம் மேசைக்குக் கீழ கெடந்துச்சு. யார் கால்லயாவது குத்திடப் போவுதுன்னு எடுத்துக் காந்தத்துக்குப் பின்னால ஒட்டி வச்சேன்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? முதுகு வலின்னுதானே சொன்னீங்க!"

சம்பந்தியம்மா ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப பொண்ணுகிட்ட ஊசியே இல்ல. நீங்கதான் வீட்லேர்ந்து கொண்டாந்து, இவ்வளவு நேரமா அவ முதுகுல தேச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? முதலில் சிரித்தவர் ஐயர். பிறகு மேளக்காரர். பிறகு மண்டபமே. நாதஸ்வரக்காரர் ஊத முயன்று, சிரிப்பு வந்து, சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அக்கா மட்டும் என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அது இரண்டு நாள் வலித்தது. (பொய்யாகச் சொன்ன முதுகு வலி மெய்யானது இப்படித்தான்.)

சம்பந்தியம்மா யாழினியை ஆசைதீர அணைத்துக்கொண்டார். பந்திக்குப் போகும்போது என்னைத் தாண்டியவர் ஒரு நிமிடம் நின்றார்.

"உள்பக்கம் முழுக்கப் பாத்தேன்ல. ஒரு முடிச்சுகூடத் துருத்தல. ஒரு நூல்கூடத் தொங்கல. என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான தையல நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வேலையின் பின்பக்கத்தை ஒருவர் பார்த்துப் பாராட்டியது அது ஒருமுறைதான். அதற்கு நான் ஒரு கல்யாணத்தையே நிறுத்த வேண்டியிருந்தது.

இன்றைக்கும் தைக்கிறேன். முடித்ததும் எழுந்து நின்று, "ஊசி என் கையில இருக்கு" என்று வீடே கேட்கும்படி சொல்ல வேண்டும் என்பது தேவி போட்ட சட்டம். யாழினி ஒன்றும் சட்டம் போடவில்லை. கல்யாணப் படங்களில் நல்லதாக எத்தனையோ இருக்க, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி அவள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். அதில் மணமக்கள் சிரிக்கிறார்கள். பின்னால் நான் விழி பிதுங்க, வியர்த்து வழிய, அவள் முதுகை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன். யார் வந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்து, "இது யாரு, நகையத் திருட வந்தவரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பதில் சொல்லும் பொறுப்பை இப்போது யாழினியின் மகள் எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. படத்தைக் காட்டி, வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்கிறாள்.

"அது எங்க தாத்தா. அம்மாவுக்கு ஊசி போட வந்தாரு."

வந்தவர்கள் உடனே என் பக்கம் திரும்பி, "டாக்டரா சார் நீங்க?" என்கிறார்கள்.