மடக்குக் கத்தியின் பூர்வீகம்

இடுப்பு வலி மனிதனை உயர்த்தும். இதற்கு நானே சாட்சி. பல வருஷம் மூட்டை தூக்கி, ஒருநாள் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். கம்பெனி என்னைக் கைவிடவில்லை. "இவனால தூக்க முடியாது, ஆனா உட்கார முடியும்" என்று கண்டுபிடித்து, 'தொழிலாளர் பிரதிநிதி' என்று பெயர் சூட்டி, குழுக்களில் உட்கார வைத்தது. அப்படி நான் உட்கார்ந்த குழுக்களிலேயே பெரியது 'மடக்குக் கத்தி பூர்வீக ஆய்வுக் குழு'. சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் கிடங்கில் வேலை சுலபம். லாரியில் பெரிய பெட்டிகள் வரும். பிளாஸ்டிக் பட்டையை அறுத்து, டேப்பைக் கிழித்து, உள்ளே இருப்பதைச் சின்னப் பெட்டிகளுக்கு மாற்றி, வேறு லாரியில் ஏற்ற வேண்டும். இதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கத்தி கம்பெனி கொடுக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி விதியை மீறவில்லை. கத்தி வாங்கியது. அசல் ஃபாரின் கத்திகள். ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

"அதையெல்லாம் லேபர் கையில குடுத்தா ஒரே வாரத்துல மொன்னையாக்கிடுவாங்கய்யா" என்றார் மேனேஜர். அவருக்குத் தரத்தின் மேல் அவ்வளவு மரியாதை. ஆகவே நாங்கள் அவரவர் கத்தியை அவரவர் கொண்டுவந்தோம்.

அப்படிக் கொண்டுவந்தவர்களில் தலைசிறந்தவர் என் தங்கச்சி புருஷன். அவருடைய மடக்குக் கத்தி ஒரு லாரி டிரைவரிடம் வாங்கியது. தந்த நிறத்தில் பிடி. விரித்தால் முகம் தெரியும். "பனி பெய்யுற நாட்டுல செஞ்சது" என்று டிரைவர் சொன்னதை மாப்பிள்ளை சொத்துப் பத்திரம் மாதிரி மனதில் வைத்திருந்தார். அவர் இருக்கும் வீடு வாடகை, ஓட்டும் சைக்கிள் இரவல், போட்டிருக்கும் செருப்பு என்னுடையது. கத்தி மட்டும் சொந்தம். கிடங்கில் அவருக்குப் பெயரே 'ஃபாரின்'தான்.

"ஃபாரின், கத்தியக் கொஞ்சம் குடேன். நகம் வெட்டிட்டுத் தர்றேன்."

"நகத்துக்கெல்லாம் இதை எடுக்க மாட்டேன். பல்லால கடிச்சுக்க. பல்லு லோக்கல்தானே?"

வேறு யாரும் இப்படிப் பேசினால் அடி விழும். அவர் பேசினால் சிரிப்பார்கள். கத்திக்குக் கிடைத்த மரியாதை அது. கூடவே இருந்ததால் கொஞ்சம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு காலை, பட்டையை அறுத்துக்கொண்டிருக்கும்போது கத்தியின் ஸ்பிரிங் விட்டுப்போயிற்று. விரித்திருந்த தகடு படக்கென்று அவருடைய விரல்மீதே மடங்கியது. வலது கை ஆள்காட்டி விரல், உள்பக்கம். பெட்டிக்குள் இருந்த வெள்ளைக் குளியல் துண்டுகளில் ரத்தம் தெறித்தது. துண்டுகளுக்கு ஏற்பட்ட சேதத்தைப் பற்றி உடனே அறிக்கை எழுதப்பட்டது. விரலுக்கு ஒரு துணி சுற்றப்பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோலைத் தைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ள தசைநார் அறுந்திருக்கு. சீக்கிரமா ஆபரேஷன் பண்ணி இழுத்துச் சேர்க்கணும். தள்ளிப்போட்டா இந்த விரல் மடங்கவே மடங்காது. நேராவே நிக்கும்."

ஆபரேஷனுக்கு எங்கே போவது? கம்பெனியிடம்தான். கம்பெனி விதி ஸ்படிகம் மாதிரி தெளிவானது: விபத்து கருவியின் குறையால் நேர்ந்தால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, ஆளின் குறையால் நேர்ந்தால் ஆள் பொறுப்பு. எனவே குறை கத்தியிலா, ஆளிலா? கத்தியின் குணம் அது பிறந்த நாட்டைப் பொறுத்தது. எனவே கத்தி எந்த நாடு? இப்படித்தான் எங்கள் குழு உதயமாயிற்று.

தலைவர் மேனேஜர். நிபுணர் சேஃப்டி ஆபீசர்; ஒரு தடவை வெளிநாட்டில் பயிற்சிக்குப் போய் வந்தவர். அங்கே வாங்கிய கம்பளிக் கோட்டை இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார். மூன்றாவது ஆள் நான்.

கத்தியை வெள்ளைத் துணியில் கிடத்தி, பூதக்கண்ணாடியை வைத்து நிபுணர் பார்த்தார்.

"'மேட் இன்'னு தெளிவா இருக்கு சார். அதுக்கப்புறம் தேஞ்சு போச்சு."

"எந்த நாடுய்யா?"

"நாடுதான் சார் தேஞ்சு போச்சு."

மேனேஜர் கண்ணை மூடி யோசித்தார். "பேரு தேயுற அளவுக்கு உழைச்சிருக்கு. அப்ப ஃபாரின்."

"பேரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல சார். அப்ப லோக்கல்" என்றார் நிபுணர்.

அடுத்து ஒலிப் பரிசோதனை. ஃபாரின் கத்தி மடங்கும்போது 'க்ளிக்' என்னுமாம். லோக்கல் கத்தி 'டொக்' என்னுமாம். ஸ்பிரிங் செத்த கத்தியோ சத்தமே போடவில்லை.

"வாயத் திறக்க மாட்டேங்குது" என்றார் மேனேஜர். "ஃபாரின்காரங்க அதிகம் பேச மாட்டாங்க."

பாதிக்கப்பட்டவரை விசாரிப்பது என்று முடிவாயிற்று. நான் முந்தின நாளே மாப்பிள்ளையிடம் சொல்லிவைத்திருந்தேன். "லோக்கல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ள. கத்தி மேல தப்பு போயிடும். ஆபரேஷன் நடந்துடும்." அவரும் தலையை ஆட்டியிருந்தார். கட்டுப்போட்ட கையோடு மேஜையை ஒட்டி வந்து நின்றார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் நிபுணர் முந்திக்கொண்டார்.

"பாத்தாலே தெரியுது சார். பிளாட்பாரத்து மாலு. லோக்கல்."

மாப்பிள்ளையின் முகம் மாறிற்று. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சார், என்னைச் சொல்லுங்க, பொறுத்துக்குறேன். கத்தியச் சொல்லாதீங்க."

"லோக்கலை லோக்கல்னு சொன்னா உனக்கென்னப்பா?"

"லோக்கலா? இந்தாங்க, பாருங்க." இடது கையால் கட்டைச் சரசரவென்று அவிழ்த்தார். தையலை மேனேஜரின் மூக்குக்கு நேரே காட்டினார். "வெட்டைப் பாருங்க சார். அடிஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. லோக்கல் கத்தி இப்படி வெட்டுமா? கொத்திக் குதறியிருக்கும். டாக்டரே சொன்னாரு, இவ்வளவு சுத்தமான வெட்டைப் பாத்ததில்லைன்னு. இது பனி பெய்யுற நாட்டுக் கத்தி. இந்த சேஃப்டி சார் கோட்டை விட ஃபாரின்!"

"சபாஷ்!" என்று மேனேஜர் எழுந்தேவிட்டார். இப்படிப்பட்ட நேர்மையான சாட்சியை எந்தக் கோர்ட்டும் கண்டிருக்காது. தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. கத்தி ஃபாரின். ஃபாரின் கத்தியில் குறை இருக்காது. ஆகவே குறை ஆளில்.

வீட்டில் தங்கச்சி அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பேசினாள். ஒற்றைக் கையால் அவருக்குக் கழற்ற வரவில்லை.

"ஏங்க, கத்திக்கு வக்காலத்து வாங்கப் போனீங்களா, கைக்கு வாங்கப் போனீங்களா?"

"அந்தக் கோட்டுக்காரன் லோக்கல்ங்கறான்டி. மேனேஜரு முன்னால."

"நான் லோக்கல். நீங்க லோக்கல். நம்ம புள்ளைங்க லோக்கல். நாமெல்லாம் இருக்கலாம், அந்த இரும்புத்துண்டு இருக்கக்கூடாதா? லோக்கல்னு சொன்னா நாக்கு அறுந்துடுமா? விரல்தான் அறுந்து கெடக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னண்ணே, அங்க பொம்ம மாதிரி உக்காந்திருந்தியா?"

நான் அங்கேயே தாளை எடுத்தேன். மறுவிசாரணைக்கு மனு எழுதினேன்.

மனுவை ஏற்பதில் கம்பெனி தயங்கவே இல்லை. தேதி மட்டும் கிடைக்கவில்லை. மேனேஜர் லீவில் போனார். அவர் வந்தபோது நிபுணர் 'விபத்தில்லா உலகம்' மாநாட்டுக்குப் போனார். அவர் வந்தபோது மீட்டிங் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். கடைசியாகக் குழு கூடியபோது தையல் எல்லாம் ஆறி, விரல் அழகாக இருந்தது. கொஞ்சமும் மடங்கவில்லை. அதனால் மாப்பிள்ளைக்குப் பெட்டி பிடிக்க வரவில்லை. கிடங்கைக் கூட்டிக்கொண்டிருந்தார், பாதிக் கூலிக்கு.

"இப்பவும் பண்ணலாம், ஆனா உடனே பண்ணணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு நேரம் என்பதால் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"லோக்கல் கத்தி சார்."

"என்னது?"

"லோக்கல் சார். ஃபாரின்னு சும்மா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"சத்தமா சொல்லு. குறிப்பு எடுக்கணும்."

"லோக்கல்!"

வெளியே ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் அவன் வாயைப் பொத்தினான். மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்து போயின. நகம் வெட்டக்கூடக் கொடுக்காத மனுஷன், ஊர் கேட்கத் தன் கத்தியைக் காலால் உதைத்துவிட்டு நின்றார். இனி ஆபரேஷன்தான் என்று நான் பேனாவைத் திறந்தேன்.

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். "அப்ப, லோக்கல்னு தெரிஞ்சேதான் கம்பெனிக்குள்ள கொண்டுவந்தே?"

"ஆ... ஆமா சார்."

"தரமில்லாத கத்தின்னு தெரிஞ்சும் உபயோகிச்சே?"

"வேற கத்தி இல்லையே சார்."

"எழுதிக்கங்க. கத்தி லோக்கல். லோக்கல் கத்தி மடங்கத்தான் செய்யும். அது அதோட சுபாவம். அதைக் குத்தம் சொல்ல முடியாது. அதைப் போய்த் தேர்ந்தெடுத்தது ஆளோட குறை."

இவ்வளவு நுட்பமான நீதியை நேரில் காணும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனாலும் கல்வியறிவு போதாததால் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"சார், ஃபாரின்னாலும் ஆள் குறை, லோக்கல்னாலும் ஆள் குறை. அப்ப எந்த நாட்டுக் கத்தி வெட்டினா கம்பெனி வைத்தியம் பாக்கும்?"

"நல்ல கேள்வி" என்று மேனேஜர் நிபுணரைப் பார்த்தார்.

"கம்பெனி குடுத்த கத்தி வெட்டினா" என்றார் நிபுணர்.

"கம்பெனிதான் யாருக்கும் கத்தியே குடுக்கலையே சார்."

"அதனாலதான்யா கம்பெனி கத்தியால இதுவரைக்கும் ஒரு விபத்துகூட இல்ல. மாநாட்டுல இதைச் சொன்னேன். கை தட்டினாங்க."

மாப்பிள்ளை கும்பிட்டார். "சார், கத்தி எந்த நாடா வேணா இருந்துட்டுப் போகட்டும். விரல் மடங்கணும் சார். மடங்கலைன்னா எனக்குப் பெட்டி வேலை இல்ல." சொல்லிக்கொண்டே வலது கையை முன்னால் நீட்டினார். மற்ற விரல்கள் கெஞ்சிக்கொண்டு மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் விறைப்பாக, மேனேஜரின் மூஞ்சிக்கு நேராக நின்றது.

"யாரைப் பாத்துடா விரல் நீட்டுற?"

"நீட்டல சார். மடங்க மாட்டேங்குது."

"மடக்கு முதல்ல!"

"அதைத்தான் சார் கேக்குறேன்."

"கையக் கீழ எறக்கு!"

இறக்கினார். விரல் மேனேஜரின் ஷூவைக் காட்டியது. பதறிப்போய்க் கையைத் தூக்கினார். அது நிபுணரின் கோட்டைக் காட்டியது. பக்கத்தில் நகர்ந்தார், என்னைக் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே இப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது அவரைப் பார்த்து அல்ல.

மேனேஜர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏகமனதுக்கு இரண்டு மனது போதுமாம். விபத்துக் கணக்கில் பூஜ்யம். மேலதிகாரிகளை நோக்கி விரல் நீட்டிய ஒழுங்கீனத்துக்காக என் மாப்பிள்ளைக்கு ஒரு மெமோ. கத்தியின் தரத்தை இவ்வளவு பாடுபட்டு ஆராய்ந்த கம்பெனி பூமியில் வேறெங்கும் இருக்காது. அதன் புகழை எங்கே வேண்டுமானாலும் வந்து பாடத் தயாராக இருக்கிறேன்.

தீர்மானத்தில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அதை இங்கே எழுதிவைக்கிறேன். என் தங்கச்சி புருஷனுக்குக் கம்பெனி ஒரு விரல் பாக்கி. வலது கை, ஆள்காட்டி விரல். இன்னும் தரவில்லை.