நடராஜா ஐயாவின் செருப்பைக் கவ்விய மீன்

கண்டி
பங்குனி, ஞாயிறு காலை

அன்புள்ள கஜலட்சுமி அக்காவுக்குத் தம்பி மோகனராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் பரிமளமும் மகள் தனுஜாவும் சுகம். நியூசிலாந்தில் இப்போது வெயிலோ குளிரோ தெரியாது. எதுவானாலும் நீங்களும் உங்கள் மகன் நிரோஷனும் அதற்கேற்ற உடுப்போடு சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கூடிவிட்டது. தனுஜாவுக்கும் திலக்ஷனுக்கும் வைகாசியில் கல்யாணம். அது கூடிய விதத்தை நானே எழுதிவிடுவது நல்லது. பரிமளம் சொன்னால் என்னைச் செருப்புத் திருடனாகவே ஆக்கிவிடுவாள்.

நகரசபை வேலை முடிந்து சும்மா இருந்த எனக்கு நிரோஷன் அனுப்பிய மீன்பிடிச் சாமான்களில்தான் எல்லாம் தொடங்கியது. மேசையில் பூட்டும் சின்னக் கிடுக்கியில் தூண்டில் முள்ளை மாட்டி, செருப்பு ரப்பர் போன்ற அந்த மெத்தென்ற ரப்பரை ஒல்லியாக வெட்டி வைத்து, நூலால் இறுக்கி, கழுத்தில் சேவல் இறகைச் சுற்றினால் வெட்டுக்கிளி மாதிரி ஒரு பொய்ப்பூச்சி வரும். அது மூழ்காது. கோடையில் மலைப்புல்லிலிருந்து தவறி ஓடையில் விழுந்த பூச்சி என்று நம்பி ட்ரவுட் மீன் மேலே வந்து கவ்வுமாம். சொன்னது நிரோஷன், நான் கட்டியதை அதுவரை எந்த மீனும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் அனுப்பிய ரப்பர் தீர்ந்ததும், அக்குறணையில் செருப்புக்கடை வைத்திருக்கும் றவூப்பிடம் கேட்டேன். "விக்காத மஞ்சள் சோடி ஒண்டு கிடக்கு. வீட்டுக்கு அனுப்பி வெக்கிறன்" என்றார்.

பெண் பார்க்க நான்கு மணிக்கு வருகிறோம் என்ற மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். நான் கேக் வாங்கப் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால், வாசலில் கழற்றியிருந்த செருப்புகள் நனையக்கூடாதென்று பரிமளம் அவற்றை எடுத்துப் பின்கதவருகே வைத்திருக்கிறாள். இது எனக்கு எப்படித் தெரியும்? சேறாக வந்தவன் பின்கதவால் நுழைந்தேன். கண்முன்னே தடித்த மஞ்சள் செருப்பு ஒரு சோடி. றவூப் சொன்ன சொல் தவறாதவர் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு, குசினியில் உட்கார்ந்து குதிகால் பக்கத்தில் சதுரமாக ஒரு துண்டை அறுத்தெடுத்தேன். அவ்வளவு நல்ல ரப்பரை நான் தொட்டதே இல்லை அக்கா, வெண்ணெய்தான். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது முன் அறையில் ஓர் ஆண்குரல், "எனக்குக் குதிகால் வலிங்க. டொக்டர் சொல்லித்தான் அந்த மஞ்சள் செருப்பப் போடுறேன்" என்றது.

மாப்பிள்ளையின் தகப்பன் நடராஜா ஐயா. நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், சிரிப்பதையும் அளந்துதான் சிரிப்பார். செருப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முன் அறைக்குப் போனேன். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள், தனுஜா எந்தச் சேலை கட்டியிருந்தாள், ஒன்றும் என் காதிலும் கண்ணிலும் ஏறவில்லை. அவர்கள் புறப்படும் நேரம் பரிமளம் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். குதிகாலில் ஜன்னல். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எலிங்க" என்றாள் பரிமளம். "நான்தாங்க" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

நடராஜா ஐயா செருப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எலி அடிமட்டம் வச்சு அளந்தா வெட்டும்?" என்று கேட்டார்.

வேறு வழியில்லை. மேசைக்குக் கூட்டிப்போய்ப் பொய்ப்பூச்சிகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"என் செருப்ப மீன் திங்கும்னு சொல்றீங்க, மிஸ்டர் மோகனராஜ்."

"திங்குமுங்க."

"அப்ப காட்டுங்க. மத்ததப் பிறகு பேசுவோம்."

தனுஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரிமளம் என்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் கையில் பசையோடு உட்கார்ந்து அந்த மஞ்சள் துண்டில் பூச்சி கட்டினேன். நல்லூரில் தேங்காய் உடைக்கிற பக்தியோடு கட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை திலக்ஷன் வேன் ஓட்ட, ஹேவாஹெட்ட வழியாக மேலே ஏறி, நுவரெலியாப் பக்கம் அனுமதி வாங்கி வைத்திருந்த ஓடைக்குப் போனோம். ஓடையில் என் முதல் வீச்சிலேயே பூச்சி நடராஜா ஐயாவின் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கொத்திக்கொண்டு போய் எதிர்க்கரைச் செடியில் தொங்கவிட்டது. கல்யாணம் அந்தச் செடியிலேயே முடிந்ததென்று நினைத்தேன். தூண்டில் தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுக்க இறங்கினேன். கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, ஐஸ். எப்படியோ எட்டிப் பிடித்துத் தொப்பியை உதற, பூச்சி கழன்று ஒரு பாறையின் நிழலில் விழுந்து மிதந்தது. தண்ணீர் ஒரு முறை வாய் திறந்து மூடியதுபோல இருந்தது. பூச்சியைக் காணவில்லை.

"சம்பந்தி! இழுக்குது, சம்பந்தி!"

யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தடி வளைய, ஓட்டைச் செருப்போடு பாறையில் நின்றவர் நடராஜா ஐயாதான். என் பல் கிட்டியிருந்தது, ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. புள்ளி போட்ட அழகான மீன். வெட்டிப் பொரிக்கலாமா என்றான் திலக்ஷன். "செருப்புக் கடிச்ச வாய். நம்மளுக்குத் திங்க ஏலாது" என்று சொல்லி அவரே அதைத் தண்ணீரில் விட்டார். திரும்பி வரும்போது வேனில் நாள் பார்த்துப் பேசினோம். பரிமளமும் இப்போது என்னோடு பேசுகிறாள்.

நிரோஷனுக்கு என் ஆசி. உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்வரிசைக் கதிரை உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
தம்பி மோகனராஜ்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்துக் கடித உறையைத் தேடும்போது தனுஜா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, கோவிக்காதீங்க. நானும் திலக்ஷனும் மார்கழியிலயே ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்" என்கிறாள். லீவில் வந்திருந்த நிரோஷன்தான் சாட்சிக் கையெழுத்தாம். இந்தச் சம்பந்தத்தை உங்கள் காதில் போட்டதும் அவன்தானாம். ஆகவே நீங்களும் பார்க்கவில்லை, மீனும் முடித்துவைக்கவில்லை. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. அந்த மீன் கவ்வாமல் போயிருந்தாலும் பிள்ளையின் கல்யாணம் நின்றிருக்காது என்று நினைக்க உடம்பே லேசாகிறது. தாயிடம் சொல்லும் பொறுப்பைத் தனுஜா என்னிடம் விட்டாள். நான் அதை உங்களிடம் விடுகிறேன்.